வாத்து வண்டி

20-ஆம் தேதி, சனிக்கிழமை

தம்பிக்கு,

'அன்புள்ள' என்ற சொல்லைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். முதலில் பட்டியல்.

1. 9-ஆம் தேதி, செவ்வாய். தொலைபேசியில் நீ எனக்குப் பிறப்பித்த உத்தரவு: "அண்ணே, ரெண்டு குடும்பத்துக்கும் சேத்து ஒரே பைதான். சுமை தூக்கவா போறோம், சுத்திப் பாக்கவா போறோம்?" வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் அடுக்குவது உன் தொழில் என்பதால், உன் சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுத்தேன்.

2. 14-ஆம் தேதி, ஞாயிறு காலை. என் வீட்டு வாசலில், என் காரின் பின்புறத்தில் நான் வைத்திருந்த குடைகளையும் மடக்கு நாற்காலியையும் உன் அண்ணியின் சாப்பாட்டு டப்பாக்களையும் என்னைக் கேளாமலே வெளியே எடுத்துவைத்தாய். "ஏண்ணே, அங்கேயே குடித்தனம் போயிடலாம்னு இருக்கியா?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரிக்கும்படி கேட்டாய். இந்தக் குளறுபடியில் அப்பாவுக்காக என் வீட்டில் வைத்திருக்கும் சக்கர நாற்காலி வீட்டிலேயே நின்றுவிட்டது.

3. அதே நாள், கேளிக்கைப் பூங்காவின் வாசலில். வாடகைக்குக் கிடைக்கும் சக்கர நாற்காலிகள் எல்லாம் போய்விட்டன என்று தெரிந்ததும், என்னிடம் ஒரு வார்த்தை கலக்காமல், குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டி ஒன்றை எடுத்துவந்தாய். மஞ்சள் நிற வாத்து வடிவம். அதில் எண்பத்திரண்டு வயது மனிதரை, முழங்கால் மோவாயைத் தொட, உட்காரவைத்தாய்.

4. அந்த வாத்தின் அலகை அமுக்கினால் சத்தம் வரும் என்பதைக் கண்டுபிடித்து அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தாய். அதோடு விடாமல், "ஒதுங்கு ஒதுங்கு, ஐயா வராரு!" என்று கட்டியம் கூறிக்கொண்டே தள்ளினாய். முன்பின் தெரியாதவர்கள் நின்று படம் எடுத்தார்கள்.

5. அதே நாள், பிற்பகல். குகைக்குள் போகும் படகில், அது சரிவில் இறங்கும்போது, பின்வரிசையிலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாய். மேல் பொத்தான் தெறித்தது. ஐம்பத்தாறு வயதில், பொது இடத்தில், பிடரியைப் பிடித்து உலுக்கப்படுவதற்கு நான் உன் பள்ளிக்கூடத் தோழன் அல்ல.

மேற்கண்டவற்றை மறுநாள் திங்கட்கிழமையே, நீங்கள் எல்லாரும் ரயிலேறிய சற்று நேரத்தில், எழுதிவிட்டேன். பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மற்றவர்களிடம் விளக்கம் கேட்டு எழுதிவருகிறவன் நான். கோபத்தை வரிசைப்படுத்தினால் பாதி ஆறிவிடும் என்பது என் அனுபவம். இந்த முறை ஆறவில்லை.

இரண்டாம் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமான்களை நீ இறக்கியபோது சக்கர நாற்காலியில் கைவைக்கவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. "அது மட்டும் இருக்கட்டும்ணே, என் சின்னவள மடியில வச்சுக்கலாம், கடைசி சீட்ட மடக்கிடலாம்" என்றாய். அதற்கு நான் சொன்னதும் நினைவிருக்கிறது: "ஒரே பைன்னா ஒரே பைதான். இது பை இல்லையே." பிறகு அதை நானே இறக்கி, மடக்கி, முன்னறையில் சுவரோரம் சாத்திவைத்தேன். உன் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றி உன்னை முட்டாளாக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு நோக்கம் இல்லை. ஊசி போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலக்கை போன வழியைப் பார்க்கவில்லை. அப்பா அப்போது காரில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நான்காம் எண்ணைப் பற்றி. அப்பா வெள்ளைச் சீருடையில் நடைமேடையில் நின்று பச்சைக் கொடி காட்டினால்தான் ரயிலே நகரும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நிலைய அதிகாரியின் பிள்ளைகள் என்பதற்காக நமக்குத் தேநீர்க்கடைக்காரர் எழுந்து நின்றது உனக்கு மறந்திருக்கலாம், நீ சின்னவன். அந்த மனிதர் சின்னவளின் பூப்போட்ட தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாத்தின் அலகை அமுக்கி அமுக்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். உன் மனைவி, "மாமா, சிக்னல் விழுந்திருச்சு, போலாம்!" என்றதும் இரண்டு முறை அமுக்கினார். உன் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் உங்களுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். பிறகு பத்தடி என்பது இருபதாயிற்று. "உங்க அண்ணன் என்ன, நமக்கு வழி காட்டுறாரா, வழி தெரியாம ஓடுறாரா?" என்று உன் மனைவி கேட்டது என் காதில் விழுந்தது. சிலருக்குக் குரல் அடங்கியே வராது.

இனி எழுதப்போவது பட்டியலில் இல்லை.

படகுக்கான வரிசையில் எனக்கு முன்னால் என் பிரிவின் இளைய அதிகாரி, மனைவியோடும் குழந்தையோடும் நின்றிருந்தார். அலுவலகத்தில் என் அறைக்கு வெளியே காலணியின் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொள்கிற பையன் அவர். என்னை அரைக்கைச் சட்டையில் பார்த்துவிட்டுத் தடுமாறி வணக்கம் சொன்னார். பேச ஒன்றும் அகப்படாமல், பின்பக்கம் கைகாட்டி, "அந்த வாத்து வண்டித் தாத்தாவப் பாத்தீங்களா சார்? காலைலேர்ந்து பூங்காவே அவரத்தான் பாக்குது. உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அது குரலிலேயே தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வண்டி எனக்கு மூன்று ஆள் பின்னால் நின்றிருந்தது. நீ குனிந்து சின்னவளின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாய். அப்பா அலகில் கை வைத்திருந்தார்.

"தெரியாது. யாரோ" என்றேன்.

சத்தம் நின்றது. அதற்கு முன்னால் வரிசை நகரும் ஒவ்வொரு முறையும் அமுக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வரிசை எத்தனையோ முறை நகர்ந்தது. படகிலிருந்து இறங்கி, சாப்பிட்டு, கார் நிற்கும் இடம் வரை வந்தோம். வழியை மறித்துக்கொண்டு எத்தனை கூட்டம்! ஒருமுறைகூட அந்த வாத்து கத்தவில்லை. சின்னவள் "தாத்தா, அடி தாத்தா!" என்று கெஞ்சியபோது அவர் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். அதை நான் பார்த்தேன்.

படகில் முன்வரிசை எனக்குக் கிடைத்தது. நீயும் அப்பாவும் சின்னவளும் பின்வரிசை. எனக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. சரிவில் என் காலர் இழுபட்டபோது உன் குறும்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கரையேறியதும் உன்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை. நான் வண்டிக்காக முகத்தைத் தூக்கிக்கொண்டிருப்பதாக நீ நினைத்திருப்பாய்.

18-ஆம் தேதி நீ அனுப்பிய படம் வந்தது. சரிவில் இறங்கும் நொடியில் பூங்காக்காரர்களே எடுத்து விற்கும் படம். ஒரு வரிகூட எழுதாமல் உறையில் அதை மட்டும் வைத்திருந்தாய். என்னைக் கேலி செய்கிறாய் என்று எண்ணி மேசையில் கவிழ்த்துப் போட்டேன். உன் அண்ணிதான் எடுத்துப் பார்த்தாள். பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தவள், படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "ஏங்க, தம்பி இழுத்தார்னுதானே சொன்னீங்க? அவரு ரெண்டு கையாலயும் பிள்ளையப் பிடிச்சிருக்காரே. இது மாமா கைங்க. வாட்ச உள்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கு, பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அப்பாவின் இடக்கை கம்பியில். வலக்கை என் காலரில். கண்களை இறுக மூடியிருக்கிறார். ஆனால் அது பயந்தவன் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்கிற பிடி அல்ல. உனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தபோது அவர் உன் பின்கழுத்துத் துணியைக் கொத்தாகப் பிடித்திருப்பாரே, அந்தப் பிடி. முன்வரிசையில் தனியாக இருக்கிறவன் விழுந்துவிடக்கூடாது என்று பிடித்தது.

ஐந்தாம் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். எழுதியதைக் கிழிக்கும் பழக்கம் எனக்கில்லை. பட்டியலில் அது அப்படியே இருக்கட்டும். மற்ற நான்கையும் பற்றி நீ என்ன முடிவுக்கு வருவாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இப்போது நீ எனக்குத் தர வேண்டிய விளக்கம். அப்பாவுக்கு இடக்காது கேட்காது. வலக்காது நன்றாகக் கேட்கும். அந்த வரிசை வளைந்து வளைந்து போனது. நான் அதைச் சொன்னபோது அவருடைய எந்தப் பக்கத்தில் நின்றேன் என்பதை எவ்வளவு யோசித்தும் என்னால் நிச்சயப்படுத்த முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. உனக்குத் தெரியும். அலகை அமுக்குவதை அவர் ஏன் நிறுத்தினார்? கை வலிக்கிறது என்றாரா? தூக்கம் வந்ததா? ரயிலில் ஊர் திரும்பும்போது என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? நான் சொன்னது உன் காதில் விழுந்ததா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. படத்தை ஒரு வரியும் எழுதாமல் அனுப்பியவனிடம் அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாதே. உன் வீட்டில் தொலைபேசியை உரக்க வைத்து நடுக்கூடத்தில் எல்லாரும் கேட்கப் பேசுவதுதான் வழக்கம். அவர் பக்கத்திலேயே இருப்பார். எழுதி அனுப்பு. கேட்டுவிட்டார் என்றால் கேட்டுவிட்டார் என்று எழுது. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக வேறு எதையும் எழுதாதே. நீ சிறுவயதிலிருந்தே எனக்காக வீட்டில் பொய் சொல்லிப் பழகியவன். இந்த ஒருமுறை வேண்டாம்.

வரும் முதல் தேதியோடு அவர் உன் வீட்டில் இருக்கும் முறை முடிந்து என் முறை தொடங்குகிறது. அழைத்துவர நான் வருவேன். சக்கர நாற்காலியைக் காரில் ஏற்றிவிட்டேன். கடைசி இருக்கை மடக்கப்பட்டுவிட்டது. அவருக்கு வேண்டியதையெல்லாம் கட்டிவை. ஒரே பை என்று எதையும் குறைக்காதே. எத்தனை பை ஆனாலும் நான் தூக்கிக்கொள்கிறேன்.

உன் எழுத்துபூர்வமான பதில் 27-ஆம் தேதி சனிக்கிழமை மாலைக்குள் என் கைக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவர் கேட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்வேன். எப்படியிருந்தாலும் முதல் தேதி காலை உன் வாசலில் நிற்பேன். மணி அடித்தால் வழக்கமாகத் தடியை ஊன்றிக்கொண்டு அவர்தான் எழுந்து வருவார். அன்று மட்டும் அவரை உட்காரச் சொல். கதவை நீ வந்து திற.

உன் அண்ணன்