ஏனொக்கும் எங்கள் இறுதியாட்டமும்

யோர்க்ஷயர்
10.01.2025

என் பிரஷாந்திக்கு,

சுகமாக இருக்கிறாயா? போனில் நாம் கதைப்பதையெல்லாம் உன் மாமி பக்கத்தில் இருந்து கேட்டுச் சிரிக்கிறா. அதுதான் கடிதம்.

நான் பராமரிக்கும் ஐரீன் அம்மாவின் அம்மப்பா ஏனொக், அந்தக் காலத்து ரக்பி லீக் வீரராம். நீள் உருண்டைப் பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராட்கள் இடுப்பில் பிடித்து விழுத்துவார்கள். பந்து வைத்த கபடி என்று வை! விளையாடுவதற்காக வேலையை விட்டு வருகிறவனுக்கு அன்றைய கூலி கொடுக்கக்கூடாதென்று பெரிய இடத்துக்காரர் தடுக்க, இந்த வடக்குப் பக்கத்தார் பிரிந்து வந்து தொடங்கியதாம். ஏனொக் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மூக்கு உடைந்தும் விளையாட்டை விடவில்லை. இறுதியாட்டத்தன்று மேற்பார்வையாளன் விடமாட்டேன் என்றிருக்கிறான். மனுசன் கரி அள்ளும் சவளைப் போட்டுவிட்டுப் போய்க் கோப்பையோடு வந்தாராம். வேலை போய்விட்டது. பிறகு சாகும்வரை மீன் பொரித்து விற்றாராம், சந்தோசமாக.

கிரான் பெண்கள் கபடி அணிக்கு இன்னும் நீதானே தலைவி?

உன் கேதீஸ்வரி

கிரான்
30.01.2025

அன்புள்ள கேதீஸ்,

ஏனொக்கை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் என் பாட்டைக் கேள். மாவட்ட இறுதியாட்டம் மார்ச் முதலாம் திகதி, மாங்கேணியோடு. நெல் வெட்டுமெசின் என் வயலுக்கு வருவதும் அதே நாள்! நம் வயல் வட்டையில் வாய்க்கால் தலைப்பிலிருந்து வயல் வயலாகத்தான் அது வரும், முறையை விட்டால் திரும்பி வராது. மழை பெய்தால் நெல் முழுக்கச் சேற்றில். என் மனுசன் லக்ஷன் கட்டாரில், மாமிக்கு முழங்கால் ஏலாது. வயலில் நான் நின்றே ஆக வேண்டும். எனக்கு இது கடைசி வருசம் கேதீஸ், இடுப்பு சொல்கிறது. விளையாடாமல் விட்டால் அழுதே செத்துப்போவேன்.

பிரஷாந்தி

யோர்க்ஷயர்
13.02.2025

என்னகா இது? ஏனொக் மாதிரிப் போட்டுவிட்டுப் போ! ஐரீன் அம்மாவும் அதைத்தான் சொல்கிறா. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், மேசையில் குத்துகிறா.

கேதீஸ்

கிரான்
09.03.2025

அடியே கேதீஸ்,

உன் கடிதத்தைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. ஏனொக் போட்டுவிட்டுப் போனது முதலாளியின் கரி. இது என் நெல்லுகா! வரமாட்டேன் என்று அணிக்குச் சொல்லியும் விட்டேன்.

இதைக் கேள்விப்பட்டு மெசின்கார நல்லரத்தினம் அண்ணன் வந்தார். அவர் மாங்கேணி ஆள், அவருடைய அக்காவின் மகள்தான் அவர்களுக்குத் தலைவி. சந்தோசப்படுவார் என்று பார்த்தால் மூஞ்சி சிவந்து நிற்கிறார். “நீ வராம எங்கட புள்ளையள் வெண்டா அதில என்ன மதிப்பிருக்கு தங்கச்சி? மெசினை வெச்சு உன்னை மறிச்சனெண்டுதான் சனம் கதைக்கும்” என்றார்.

வெள்ளி பின்னேரம் மற்ற வயல் முடிந்ததும் வழமையாக மெசினை நிற்பாட்டுகிறவர், அன்று விளக்கைப் போட்டுக்கொண்டு என் வயலுக்குள் இறங்கினார். நெல்லெல்லாம் மூட்டையில் ஏறியதும், “நாளைக்குப் போய் வடிவாத் தோத்துட்டு வா” என்று வாழ்த்து வேறு!

வென்றோம்கா! ஒரு புள்ளியால்! கடைசியாகக் கபடி சொல்லி உள்ளே போனது நான். மூன்று பேர் காலில் தொங்கினார்கள், அண்ணனின் மருமகளும் ஒருத்தி. இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டேன். அழுதேன், சிரித்தேன், உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நீ இல்லாதது நெஞ்சில் குத்தியதுகா.

மறுநாள் அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வாங்கவில்லை. “என்ட மெசினாலேயே எங்கட ஊர வெட்டிப்போட்டன்” என்றார். அவருடைய அக்கா இன்னும் அவருக்குச் சோறு போடவில்லையாம்!

இதை எழுதும்போது அவர் எங்கள் வீட்டுக்குள் இருந்து, புதுநெல்லுச் சோறும் இறால் குழம்பும் சாப்பிடுகிறார். என்னோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாமியிடம்தான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கிறார்.

உன் பிரஷாந்தி