நாய்க்கு அப்புறம் அவள் சொன்னது

ஜனவரி 20, திங்கள்

பள்ளிக்கூடத்துக் கணப்புக்கு இன்று நான்கு வாளி நிலக்கரி போனது. துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிர்.

பெர்மெத் டீச்சர் தன் பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டாள். "எசென் அத்தா, தனியா முணுமுணுத்துக்கிட்டே கரி அள்ளுறீங்க, பிள்ளைங்க பயப்படுதுங்க. இந்தச் சிவப்புப் பொட்டை அமுக்கிட்டு இதுகிட்டப் பேசுங்க. பத்திரமா வச்சுக்கும்" என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது. எழுத்து படிக்கிற வயதில் ஆடுகளோடு மலையில் இருந்தேன். அதனால் தேதியைச் சொல்லிவிட்டுப் பேசுகிறேன். இன்று திங்கள். வீட்டில் பேச ஆள் இல்லை. அதை எதற்கு இதனிடம் சொல்கிறேன்?

ஜனவரி 22

ரொட்டி. தேநீர். யாரும் வரவில்லை.

ஜனவரி 29

மூன்றாம் வகுப்புக்கு ஆறு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கணப்பைப் பார்க்கிற சாக்கில் நானும் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் கம்பியில்லாத் தபால்பெட்டி ஒன்று திறந்து கொடுத்தாள் டீச்சர். "பெட்டிக்குச் சாவி ஒரு வார்த்தை. சாகுறவரைக்கும் மறக்காத வார்த்தையா வைங்க. யாருக்கும் சொல்லக்கூடாது" என்றாள்.

இன்று காலையில் டீச்சருக்கு பக்கித் பெயரில் கடிதம்: "நான் ஒரு கழுதை." பக்கித் அழுகிறான், தான் எழுதவே இல்லை என்று. எழுதியது அய்தாய் என்கிற வாயாடிப் பெண். எப்படித் திறந்தாள்? அவள் வைத்த சாவியும் போரோம்பாய், அவன் வைத்த சாவியும் போரோம்பாய். பதினான்கு பிள்ளைகளும் தங்கள் ஏழாம் பாட்டன் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் ஏழாம் பாட்டன் ஒருவன்தானே!

"ஏழு பாட்டன் பேர் தெரியாதவன் அடிமைன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. நீங்கதான டீச்சர் மறக்காத பேரா வைக்கச் சொன்னீங்க" என்கிறாள் அய்தாய். டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் யாரிடமோ சொல்ல வாயெடுத்தேன். அடுப்படி இருட்டாக இருந்தது.

பிப்ரவரி 4

கரி வாளியை வகுப்பிலேயே போட்டுவிட்டேன்.

இன்று முகவரிப் பாடம். டீச்சர் பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கூடவே பாட வைத்தாள். "முதல்ல உங்க பேர். அப்புறம் சபாகா. அப்புறம் தபால் வீடு. அப்புறம் புள்ளி."

வாலைச் சுருட்டிப் படுத்த நாய் மாதிரி ஓர் எழுத்து. ருஷ்யர்கள் அதற்கு நாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சபாகா. நம்மவர்களும் அப்படியேதான் சொல்கிறார்களாம்.

பேர், சபாகா, தபால், புள்ளி.

இன்றைக்கு இதற்கு மேல் பேச முடியாது.

பிப்ரவரி 5

சொல்லிவிடுகிறேன். என் நினைவு நல்ல நினைவு. 1958இல் எந்த ஆடு எந்தக் குட்டியை எந்தப் பாறை ஓரம் போட்டது என்று கேள், சொல்வேன். அது வரமில்லை.

என் மகள் ச்சினார். ஆறு வருஷத்துக்கு முன் புருஷனை விட்டு, கன்னத்தில் வீக்கத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளைப் பெற்றவள் அப்போதே இல்லை. நான் என்ன சொன்னேன்? "விழுந்த இடத்திலதான் கல்லுக்குக் கனம். திரும்பிப் போ" என்றேன். தேநீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. மாஸ்கோ போகக் கிளம்பினாள்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். போனேன், ஆனால் பேசவில்லை. பஸ் உறுமுகிறது. ஜன்னலில் இருந்து கத்தினாள்: "அத்தா, உனக்குத்தான் எதுவும் மறக்காதே, கேட்டுக்கோ! ச்சினார், எழுபத்தொன்பது, சபாகா..."

அவள் பிறந்தது எழுபத்தொன்பதில். எழுபத்தொன்பதில் உனக்கு ஒரு நாய் பிறந்தது, அப்படித்தானே நினைத்தாய் என்று என்னைக் குத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சொல் எனக்குப் பழக்கம். ராணுவத்தில் இரண்டு வருஷம் ஒரு சார்ஜென்ட் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டான். முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

நாய்க்கு அப்புறமும் அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கோபத்தில் நடந்தாலும் காது மூடவில்லையே. எல்லாம் இருக்கிறது, இங்கே.

அட முட்டாளே, அவ உனக்கு வழி சொல்லிட்டுப் போயிருக்காடா.

பிப்ரவரி 7

டீச்சரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை அவள். "ஊர்ல யார்கிட்டயும் அவங்க நம்பர் இல்லையா அத்தா?" என்றாள். இல்லை. அவள் யாரோடும் ஒட்டு வைத்துக்கொள்ளவில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் தோற்றுவிடுவேன் என்றிருந்தேன். யாரிடம் தோற்பேன்? அது தெரியவில்லை.

பிப்ரவரி 10

ஓசை என்னிடம் இருக்கிறது, எழுத்து இல்லை. ச்சினார் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் நாலு விதமாக எழுதலாமாம். "எது அத்தா?" என்றால் எனக்கு என்ன தெரியும்!

கடிதத்தை நான் சொல்ல, அய்தாய் தட்டினாள். "ச்சினார், நீ சொன்னது இப்போதுதான் விளங்கியது."

"அவ்வளவுதானா அத்தா? வணக்கம் போடல, நலமான்னு கேக்கல. டீச்சர் மார்க்கைக் குறைப்பாங்க."

"குறைச்சா குறைக்கட்டும் போ."

முதல் எழுத்தில் அனுப்பினோம். கண் சிமிட்டுவதற்குள் திரும்பி வந்தது, அப்படி ஆள் இல்லை என்று. மேய்ச்சலுக்குப் போன எந்த ஆடும் இவ்வளவு சீக்கிரம் திரும்பியதில்லை. இரண்டாவது, திரும்பியது. மூன்றாவதும்.

நான்காவது திரும்பவில்லை.

"அப்படின்னா அந்தப் பெட்டி இருக்கு. யார் பெட்டின்னு தெரியாது, ஆனா இருக்கு" என்றாள் டீச்சர். திரும்பி வராததற்காகச் சந்தோஷப்படுவது வாழ்நாளில் எனக்கு இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 17

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 24

ஒன்றும் இல்லை. பள்ளிச் சமையற்கட்டு ஸூரா கேட்கிறாள்: "என்ன எசென், அனுப்பின நாய் அங்கேயே குட்டி போட்டுருச்சா?" சிரித்துவைத்தேன். அவள் கொடுத்த சூப்பைக் குடிக்க முடியவில்லை.

மார்ச் 3

பிள்ளைகள் பத்கென் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குக் கேள்வி அனுப்பினார்கள், உங்கள் ஊரில் வாதுமை மரம் பூத்துவிட்டதா என்று. மதியத்துக்குள் படத்தோடு பதில். வகுப்பே கூத்தாடியது. எனக்கும் காட்டினார்கள். வெள்ளைப்பூ.

நான் கரி அள்ளப் போய்விட்டேன்.

மார்ச் 11

அந்தப் பெட்டியை அவள் மறந்திருக்கலாம். வேறு யாராவது ச்சினாராக இருக்கலாம். ஏன், அவளேதான் என்றாலும் எதற்குப் பதில் போட வேண்டும்? நான் தேநீர் கொடுத்தேனா?

மார்ச் 18

வந்தது. டீச்சர் ஓடிவந்து வாசித்தாள். "யார் இது? என் அத்தாவுக்கு எழுதத் தெரியாது. ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டு என்றால் நன்றாக இல்லை. இனி எழுதாதீர்கள்."

அவள்தான். அவளேதான். நம்பவில்லை.

"உங்க குரலையே அனுப்பிடலாம் அத்தா. தினமும் போன்கிட்ட பேசுறீங்கல்ல, அது மாதிரி" என்றாள் டீச்சர்.

மார்ச் 19

இரண்டு மாதமாக இந்தச் சிவப்புப் பொட்டிடம் பேசியிருக்கிறேன். இன்று டீச்சர் முன்னால் அமுக்கினால் வாயே வரவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் நினைத்தேன். பிள்ளைகள் எல்லாம் மூச்சு விடாமல் பார்க்கின்றன.

கடைசியில் தெரிந்ததைச் சொன்னேன். "ச்சினார். எழுபத்தொன்பது. சபாகா. தபால். புள்ளி. ரு. அப்புறம் பஸ் நகர்ந்துருச்சு. அப்ப நீ, கால்ல தோல் ஜோடு போட்டுக்கோ அத்தா, பனி ஏறுதுன்னு சொன்ன. போட்டிருக்கேன்."

அவ்வளவுதான். டீச்சர் இந்தப் போன் நம்பரையும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

மார்ச் 20

ஒன்றும் இல்லை.

மார்ச் 22

நேற்று நவ்ரூஸ் பண்டிகை. ஸூரா ஒரு கிண்ணம் கோதுமைப் பாயசம் கொண்டுவந்தாள். அவள் உட்காருமுன்னே போன் அடித்தது, மாஸ்கோவிலிருந்து. பேசிக்கொண்டே இருந்ததில் பாயசம் ஆறிப்போனது, ஸூரா எப்போது எழுந்து போனாள் என்றும் தெரியவில்லை.

இன்று மறுபடி அடித்தது. இதனிடம் சொல்ல என்று தனியாக ஒன்றும் மிச்சமில்லை.