அயன் பிடித்த துவக்கு

மனோர் பார்க், லண்டன்

அன்பின் மனைவி பவளத்துக்கு,

எழுத்துகள் கோணலாக நிற்கின்றன, பொறுத்துக்கொள்ளும். இந்த வயதில் எழுதப் பழகிய கை இவ்வளவுதான் போகும். ஊரில் உம்முடைய முழங்கால் நோ எப்படி? நான் நல்ல சுகம்.

போன கிழமை நான் ஒரு துவக்குக்கு அயன் பிடித்தேன். துவக்கு என்றதும் பயப்பட வேண்டாம். சுட முடியாத பழைய பட்டாளத் துவக்கு. அதன் மரப்பிடியைப் புதுப்பிக்க நான் வேலை செய்யும் மரப்பட்டறைக்கு வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாவின் தகப்பன் வைத்திருந்தது. அவர் அதில் செதுக்கிய தன் பெயர் மட்டும் அழியக் கூடாது என்று அந்த அம்மா கெஞ்சினார். பிடியில் அடிபட்டு விழுந்திருந்த பள்ளங்களில் நான் ஈரத்துணி விரித்து அயன் பெட்டியை வைத்தேன். ஆவியில் மரம் ஊதி மட்டமாக வந்தது. பெயரும் ஊதி மறைந்துவிடாமல், அதற்குக் கிட்ட மட்டும் சூடான கரண்டிக் காம்பால் மெல்ல ஒத்தினேன்.

"ஐயா, வீட்டிலை சேட்டுக்கே அயன் பிடிக்க மாட்டியள், துவக்குக்கோ?" என்று முதலாளித் தம்பி கிருஷாந்த் சிரித்தான்.

நேற்று அந்த அம்மா வந்து, விரலால் தடவித் தடவித் தகப்பனின் பெயரை எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரெழுத்தும் குறையவில்லை.

பேத்தி படிக்க மேசையைக் கேட்கிறாள். மிச்சத்தை வரும் ஞாயிறு எழுதுவேன். உம்முடைய பழைய நூல்சேலையில் ஒரு துண்டு அனுப்பும். ஈரத்துணிக்கு அதுதான் நல்லது என்று கிருஷாந்திடம் சொல்லிவிட்டேன். தோய்க்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

உம்முடைய
வைத்திலிங்கம்