வெள்ளிக்கிழமைச் சவாரி

1934, ஜனவரி 19

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு, ஆம்பூர் சம்பூர்ணம் பணிவுடன் வணக்கம் கூறி எழுதிக்கொள்வது. கார்த்திகை முதலாகத் தங்களைத் திறவாதிருந்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். ஒடிந்தது கால், கையன்று. ஆகவே தாமதத்திற்குத் தக்க நியாயம் என்னிடம் இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகப் பதிகிறேன். துத்திப்பட்டுப் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்துவிட்டுச் சைக்கிளில் திரும்புகையில், ஆவாரம்பட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி, மதகடியில் விழுந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. இன்று வேலூரில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வேறொருத்தியின் மெலிந்த காலை என்னிடம் ஒப்படைத்தது போலிருந்தது. நாள்தோறும் முழங்காலை மடக்கிப் பழக வேண்டும், தவறினால் அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டரம்மாள்.

மாலையில் பெண் கல்விச் சங்கத்தின் காரியதரிசி காசிநாதன் வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

“ஆனி பொறக்கறதுக்குள்ள வண்டி ஏறிட்டீங்கன்னா ஊருங்க உங்களுக்குத்தான். இல்லன்னா வேலூர்லருந்து வேற ஒரு அம்மாவ வரவழைக்கணும். நீங்க ஆபீஸ்லயே உக்காந்து எழுதலாம். நெழல்ல வேல, இன்னா கஷ்டம்?”

நிழலாம்! பள்ளிக்கூட வாசலை மிதியாது, ரயிலடிப் பெயர்ப்பலகையில் தொடங்கி எழுத்தறிந்தவள் நான். மின்னூரும் சோமலாபுரமும் துத்திப்பட்டும் நான் வெயிலில் மிதித்துச் சேர்த்த ஊர்கள். விட்டுக்கொடுப்பதற்கில்லை.

ஜனவரி 23

முழங்கால் மடங்கவில்லை. நானும் மடங்கவில்லை.

ஜனவரி 30

கணுக்காலில் கடுக்காய்ப் பை ஒன்றைக் கட்டி, படுத்தபடி காலைத் தூக்கிப் பழகுகிறேன். கை தளராதிருக்கக் கிணற்றில் நீர் இறைக்கிறேன். பார்ப்பவர் சிரிக்கலாம், தடையில்லை.

பிப்ரவரி 4

தம்பி ரத்தினசாமி தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்பவன். அவனுக்கு இன்று ஒரு யோசனை பிறந்தது. சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய வெள்ளாட்டுத் தோல் ஒன்றை ஈரத்துடன் கொண்டுவந்தான்.

“காஞ்சா தோல் இழுக்கும்க்கா. அது இழுக்கற இழுப்புல காலு தானா மடங்கிக்கும். டாக்டருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?”

வாதம் குற்றமற்றதாகத் தோன்றியதால் சம்மதித்தேன். வலி தாங்குமட்டும் காலை மடக்கி, தோலை இறுகச் சுற்றி, என்னை வெயிலில் உட்காரவைத்தான். தோல் இழுத்தது உண்மை. ஆனால் மடக்கவில்லை, நெரித்தது. உச்சிவேளைக்குள் விரல்கள் நீலம் பாரித்தன. ஐயோ, அறுடா, அறுத்துத் தள்ளுடா என்று தெருவே கேட்கக் கத்தினேன். தோல் சீவும் கத்தியால் அறுத்தெடுத்தான். “இன்னா பண்ணிட்டேன்க்கா” என்று அழுதான். என் முழங்காலின் வடிவிலேயே விறைத்துக்கிடந்த அத்தோலைத் தெருநாய் கௌவிச் சென்றது. அதற்காவது பயன்படட்டும்.

முழங்கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 15

பின்வீட்டு அக்தரி பேகம் இரு வீட்டுக்கும் இடையிலுள்ள சிறு கதவைத் திறந்து என்னை அழைத்தார். தோல் மண்டிக்காரர் மனைவி, கோஷாப் பெண்மணி, வாசல் தாண்டாதவர். என் கத்தல் அவர் சமையலறை வரை கேட்டிருக்கிறது.

“அன்னிக்கி தோல சுத்திக் கட்டினாங்க, அடுத்து உங்களயும் சுண்ணாம்புல ஊற வெப்பாங்களா டீச்சரம்மா?” என்று சிரித்தார். பிறகு தையல் மெஷினைக் காட்டி, “பக்ரீத்துக்குத் துணி ஜாஸ்தி. என் காலு பேஜாராப் போச்சு. நீங்க மிதிங்க, நான் துணி தள்றேன்” என்றார்.

தையற்காரியாவதற்கு நான் எழுத்துக் கற்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மெஷினின் மிதிபலகை கண்ணில் பட்டது. அமர்ந்துவிட்டேன்.

மார்ச் 8

நான் அமரும் முக்காலி நாள்தோறும் மெஷினைச் சிறிது நெருங்கி வந்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். நெருங்க நெருங்க முழங்கால் மடங்கியாக வேண்டும்.

“பேகம், இதை நகர்த்துபவர் யார்?”

“தானா போவுது போல. பேசாம மிதிங்க, தையல் கோணுது.”

மார்ச் 28

பண்டிகை முடிந்தது, துணியும் முடிந்தது. நன்றி கூறி விடைபெற எழுந்தேன். பேகம் விடவில்லை.

“இன்னொரு வேல இருக்குது. அந்த வண்டிய எனக்குக் கத்துக்குடுங்க. வெள்ளிக்கெழம ஆம்பிளைங்க தொழுகைக்குப் போய்ட்டா இந்த முற்றம் பூரா எனக்குத்தான்.”

நெடுஞ்சுவருக்குள் ஒரு பெண் எங்கே போவதற்காகச் சைக்கிள் பழக வேண்டும்? கேட்கவில்லை. என்னிடமும் பலர் கேட்ட கேள்வி அது.

ஏப்ரல் 6

வெள்ளி. ரத்தினசாமி வளைந்த கைப்பிடியை நிமிர்த்தி, எண்ணெயிட்டு வண்டியைக் கொடுத்தான்.

“மொதல்ல நீங்க ஏறிக் காட்டுங்க” என்றார் பேகம். கற்பிப்பவள் வேடிக்கை காட்ட வேண்டுவதில்லை என்று கம்பீரமாக விடையளித்தேன்.

பயமா இருந்துச்சு. முழங்கால் வண்டியேறும் அளவுக்கு மடங்குது. ஆனா மிதியில கால வெச்ச ஒடனே அந்த மதகுதான் கண்ணுக்கு முன்னால வருது. யார் கிட்ட சொல்றது இத?

ஏப்ரல் 20

பேகத்தை ஏற்றி, ஆசனத்தின் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டேன். “உடாதீங்க! அல்லா, உடாதீங்கம்மா!” என்று கூவியபடியே வேகமாக மிதிக்கிறார். கிணற்றைச் சுற்றினார், துணி உலர்த்தும் கயிற்றைக் குனிந்து கடந்தார், சுவரருகே வந்து நின்றார். இறங்கித் திரும்பி என்னைப் பார்த்துத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏன் சிரிக்கிறீர்கள்?”

“ஓடினீங்க டீச்சரம்மா. இன்னா ஓட்டம்!”

ஆம். ஓடியிருக்கிறேன்.

மே 18

வெள்ளி. நான் கேட்காமலே பேகம் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டார். “ஏறுங்க. நான் உட மாட்டேன்.” ஏறினேன். முற்றத்தைக் கடந்து, நடையைக் கடந்து, தெருவாசல் வரை பிடித்தபடியே மூச்சிரைக்க ஓடிவந்தார். வாசலில் கை விட்டது.

வீதிக் கோடி வரை சென்ற பின்பே திரும்பிப் பார்த்தேன். வாசல் திரையின் ஓரத்தில் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன.

ஜூன் 10

காரியதரிசி அவர்களுக்கு இன்று அனுப்பியதன் நகல்:

‘நேற்றுத் துத்திப்பட்டு சென்று மீண்டேன். கால் சற்று விந்துகிறது, வண்டி விந்தவில்லை. ஊர்கள் மூன்றும் என் பொறுப்பிலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்னை வெளியூர் அனுப்பலாகாது. அன்று சைக்கிளுக்கு உள்ளூரில் வேலை இருக்கிறது. உடனே பதில் எழுதுக.’