கெட்டிமேளத்தில் தொண்டையர்

அண்ணை,

கத்தரிக்காய்ப் பொரியல் கருகிப்போய்விட்டது. காரணம் நீங்கள். ஆள் செத்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் என் அடுப்படிக்குள் வந்து கை வைக்கிறவர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

போன சனிக்கிழமை மகள் ஓல்போர்க்கில் இருந்து வந்திருந்தாள். வந்தால் சப்பாத்தைக் கழற்றுகிறாளோ இல்லையோ, போனை யன்னல் விளிம்பில் வைத்துப் பாட்டைப் போட்டுவிடுவாள். அன்றும் போட்டாள். மேளங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. அதற்கு நடுவில் குருவிக்குஞ்சு மாதிரி ஒரு குரல் கீச்சென்று கத்திவிட்டுப் போனது. கையில் எடுத்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“அம்மா, வெம் எர் தே? ஆளைத் தெரியுமே உங்களுக்கு?” யார் அது என்று பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும் கேட்டாள்.

“தொண்டையர்” என்றேன், யோசிக்காமல்.

“எந்தக் கோயில் ஐயர்?”

எண்ணெய் புகையத் தொடங்கியது. நான் அடுப்பைப் பார்க்காமல் அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நின்றேன். விளங்கப்படுத்துகிறது உங்களுடைய வருத்தம். அது எனக்கும் தொற்றிவிட்டது.

ஹோர்சன்ஸில் நாங்கள் முதல் இருந்த அந்தச் சின்ன வீட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அம்மா, நீங்கள், நான். சோபா போட வேண்டிய இடத்தில் ரெக்கோட் சுத்துகிற மெசின் இரண்டு. அம்மா கட்டிலில் இருந்து சாப்பிட்டார். களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல், தொண்டையரைப் போடுவீர்கள். நியூயோர்க்கில் எங்கேயோ இருக்கிற மனிசன். ஆர்ஹூஸில் பழைய ரெக்கோட் விற்கிற கடை ஒன்றில் கிண்டி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். “இவர் பாடேல்லையடி, கதைக்கிறார். கதையைத் தூக்கித் தாளத்துக்கு மேலை இருத்துறார்” என்றீர்கள். எனக்குக் கேட்டது ஒரு மனிசன் தொண்டை கிழியக் கத்துகிறது மட்டும்தான். அம்மாவுக்கும் அப்படித்தான் கேட்டது. நீங்கள் சொன்ன பெயர் அம்மாவின் வாயில் வரவில்லை. “உந்தத் தொண்டையரை நிப்பாட்டு, தலை இடிக்குது” என்றார். அன்றோடு ஆளுக்குப் பெயர் வைத்தாயிற்று.

எங்கள் சனத்துக்கு இது கைவந்த கலை. நல்ல பெயரோடு பிறந்தவனைக் கட்டையர், முழியர், சுருட்டர் என்று ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். செத்த வீட்டு அறிவித்தலில் சொந்தப் பெயரைப் போட்டால் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. நியூயோர்க்காரன் மட்டும் தப்பமுடியுமா? புரொண்பியில் இருக்கிற சித்தி வரைக்கும் அவர் தொண்டையர்தான்.

அதைவிடப் பெரிய கூத்து நீங்கள் செய்தது. புரொண்பியில் உங்களைப் போலவே கலியாணங்களுக்குப் பாட்டுப் போடுகிற மற்றவர் பார்த்துத் தானும் வாங்கிவிடுவார் என்று தொண்டையரின் ரெக்கோட்டுகளின் நடுவில் கடதாசி ஒட்டிப் பெயரை மறைத்தீர்கள். அப்படித்தான் பெரிய பெரிய ஆட்களும் செய்வார்களாம். குரல் கொடுத்தவரின் பேர் சொல்ல வேண்டும், பேர் சொல்ல வேண்டும் என்று டென்மார்க் முழுக்கச் சண்டை பிடித்த மனிசன், தன் வீட்டில் பேருக்கு மேலே பசை பூசினார். இதை உங்களிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன். “அது தொழில் ரகசியம்” என்பீர்கள். தொழில்! மாதத்துக்கு ஒரு சாமத்தியவீட்டுச் சடங்கில் பாட்டுப் போடுகிறது.

பேர்ச் சண்டை தொடங்கினது இளைஞர் மன்றத்தில். ஒரு ஞாயிறு பின்னேரம். என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். டேனிஷ் பெடியன் ஒருத்தன் இங்கிலாந்தில் இருந்து வந்த புது ரெக்கோட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வேக மேளப் பாட்டுக்கு ஹார்ட்கோர் என்றான், ஜங்கிள் என்றான். பிள்ளைகள் குதித்தார்கள். நான் தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நீங்கள் எழும்பினீர்கள்.

“கேட்டியே? தொண்டையர்!”

“உங்களுக்கு விசரே அண்ணை? அது சின்னப் பிள்ளையின்ரை குரல்.”

“வேகமா ஓட விட்டிருக்கிறாங்கள். பொறு.”

பொறுக்கவில்லை. நேரே மேடைக்குப் போய், சுழன்றுகொண்டிருந்த அந்தப் பெடியனின் ரெக்கோட்டில் விரலை வைத்து அமர்த்தினீர்கள். மேளம் தளர்ந்தது, கீச்சுக் குரல் இறங்கி இறங்கி வந்து, கடைசியில் எங்கள் வீட்டுத் தொண்டையராக நின்றது. ஒரு சொல்தான். ஆனால் அவர்தான். எனக்கு மயிர் கூச்செறிந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நிமிடம் எங்கள் இரண்டு பேரையும் வெளியே விட்டார்கள். பனி கொட்டியது. என் ஜக்கெற் உள்ளே கிடந்தது. நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வழி முழுக்கச் சந்தோசமாகக் கதைத்தீர்கள்.

அந்தக் கதையை நான் நித்திரையிலும் சொல்லுவேன். இங்கிலாந்துப் பெடியள் தங்கள் படுக்கை அறைகளில் இருந்துகொண்டு தொண்டையரின் ரெக்கோட்டை எடுத்து, நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தரம் சுத்த வேண்டியதை நாற்பத்தைந்தில் சுத்தவிட்டார்கள். அவருடைய மேளத்தை வெட்டினார்கள், அவருடைய கத்தலை வெட்டினார்கள், திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். அதற்குள் இருந்துதான் அந்த வேகப் பாட்டு முழுவதும் புறப்பட்டது. அந்த மனிசன் அவர்களுடைய ஆட்டத்துக்கு ஒருநாளும் போயிருக்கமாட்டார், ஆனால் அவர் இல்லாமல் அந்த ஆட்டமே இல்லை. “குரல் ஆரின்ரையோ, பேரும் அவரின்ரைதான்” என்று மேசையில் தட்டுவீர்கள். மேசையில் என் தேத்தண்ணி இருக்கும்.

எல்லாம் தொண்டையர் ஒருவரால்தான் வந்தது என்பது உங்கள் கட்சி. வேறு ஆட்களின் ரெக்கோட்டையும் வெட்டியிருப்பார்கள்தானே என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சித்தி இன்னும் நல்ல கேள்வி கேட்டார். “ஜங்கிள் எண்டால் காடெல்லோ? காட்டுக்குள்ளாலை ஓடித் தப்பி வந்தவன், இஞ்சை வந்து காட்டுப் பாட்டுக் கேக்கிறானே!” அதற்கு மட்டும் நீங்கள் கோபிக்கவில்லை. சிரித்தீர்கள்.

இனி என் கலியாணம். இதை விட்டுவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

பொம்பிளையின் தமையன் மாப்பிள்ளைத் தோழனாக மணவறையில் இருக்க வேண்டும். இருந்தீர்கள், தலைப்பாகையோடு. ஆனால் அந்தக் காலத்தில் இங்கே மேளகாரருக்கு எங்கே போவது? நாதஸ்வரமும் தவிலும் கசற்றில்தான். அந்தக் கசற்றைப் போடுகிற பொறுப்பும் உங்களிடம். வேறு ஆளிடம் கொடுங்கோ என்று கெஞ்சினேன். “என்ரை மெசினிலை ஆரும் கை வைக்கக்கூடாது” என்றீர்கள். மணவறைக்குப் பக்கத்திலேயே மேசையை இழுத்து, வயரெல்லாம் பூமாலைக்குக் கீழால் ஓடவிட்டு, ஒரு பக்கம் கசற், மற்றப் பக்கம் சாப்பாட்டு நேரம் போடுவதற்கு என்று, நீங்கள் பிறகு தேடி வாங்கின அந்த ஜங்கிள் ரெக்கோட்.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று விரலை ஆட்டினார். தலைப்பாகை சரியச் சரிய நீங்கள் எட்டி, கசற்றுக்குப் பதில் ரெக்கோட்டின் பொத்தானைத் தள்ளினீர்கள். மண்டபம் இடிந்து விழுந்தது. அந்தக் குதிரை ஓட்ட மேளம், அதற்கு மேலே தொண்டையரின் கத்தல். அறுகரிசி போட எழும்பின சனம் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஐயர் வாயைத் திறந்தபடி. என் மனிசன் மூன்று முடிச்சையும் போட்டு முடித்தார். நீங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அபசகுனமாம்! தாலி ஏறி முடியும்வரைக்கும் ஓடவிட்டீர்கள்.

ஒரு மன்னிப்பாவது கேட்டீர்களா? “கெட்டிமேளம் எண்டால் என்ன? தும்மல் கேக்கக்கூடாது, அழுகுரல் கேக்கக்கூடாது, எல்லாத்தையும் மூடுற மாதிரி வேகமா அடிக்கிறது. அதைத்தானே செய்தனான்? ஆருக்கும் ஒரு தும்மல் கேட்டதோ?” மாமியார் அன்றிலிருந்து உங்களை “உம்முடைய தமையனார்” என்று மட்டும்தான் சொன்னார். நான் முப்பது வருடமாக உங்களை ஏசினேன். பிறந்தநாளுக்கு ஏசினேன், நத்தார்ப் பண்டிகைக்கு ஏசினேன், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தும் ஏசினேன். மூச்சு வாங்க வாங்க, “தும்மல் கேட்டதோ?” என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னோடு கதைத்த கடைசிக் கதை. உலகத்தில் ஆட்கள் சாகும்போது தங்கச்சிக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்.

அண்ணை, எனக்கு உங்களைத் தேடுது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். மாப்பிள்ளை வீடு புரொண்பி. ஜேர்மனியில் இருந்து உண்மையான மேளக்கோஷ்டி வருகிறது, தவில் இரண்டு. ஒன்றும் பிழைக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கருகின கத்தரிக்காயைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டே அவள் சொல்கிறாள்: “அம்மா, எனக்கும் அது வேணும். தாலி கட்டேக்கை. மாமான்ரை ரெக்கோட்.”

“விசர்க் கதை கதைக்காதை. உண்மையான மேளம் வருது.”

“மேளம் வரட்டும். தாய்மாமன் நிக்க வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? மாமா எங்கை?”

எனக்குக் கோபம்தான் வந்தது. தாய்மாமன் இடத்தில் ஒன்றுவிட்ட தம்பியை நிறுத்துவதாகப் பேசி முடித்திருந்தோம். நல்ல பெடியன், நேரத்துக்கு வருவான், மெசினோடு வரமாட்டான். அதைச் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் என் கலியாண வீடியோவைத் தேடிப் போட்டாள். அந்தக் கசற்றை நான் பரணில் கடைசிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன், எப்போதோ எடுத்துப் போனில் ஏற்றியிருக்கிறாள். ஐயர், தலைப்பாகை, கத்தல். நான் தலையைக் குனிந்திருக்கிறேன், தோள் குலுங்குகிறது. சித்தி முதுகைத் தடவிவிடுகிறார்.

“பார், எப்பிடி அழுறன் எண்டு” என்றேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். “அழேல்லை அம்மா. சிரிக்கிறீங்கள்.”

“அழுறன்.”

“பல்லுத் தெரியுது.”

தெரிந்தது. கூறைச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு மறந்தே போய்விட்டது. கோபம் மட்டும்தான் பத்திரமாக இருந்தது. படத்தின் ஓரத்தில் நீங்கள் ரெக்கோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது! முப்பது வருடம் ஏச்சு வாங்கினீர்களே, நீயும் சிரிச்சனிதானே என்று ஒரு சொல் சொன்னால் குறைந்தா போவீர்கள்?

சரி என்று சொல்லிவிட்டேன். முதலில் ரெக்கோட்டில் அந்தக் கத்தல், அது முடிகிற இடத்தில் தவில்காரர் பிடித்துக்கொள்ள வேண்டும். தவில்காரருக்குப் போனில் அனுப்பிக் கேட்டோம், பிடிக்கலாம் என்றார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். குரல் கேட்க முன்னம் அந்த மனிசனின் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். தொண்டையர் என்று இல்லை, தாய் தகப்பன் வைத்த பெயரோ, மேடைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயரோ, எது சரியோ அது. மகள் தேடிப் பிடித்துச் சொல்லித் தந்தாள். கோப்பை கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நடுவில் ஓரிடத்தில் நாக்குத் தடக்குப்படுகிறது. அம்மாவுக்கு ஏன் வரவில்லை என்று இப்போது விளங்குகிறது. இங்கே எழுதமாட்டேன், எழுத்துப் பிழைத்தால் நீங்கள் எழும்பி வந்துவிடுவீர்கள்.

நேற்று ஐயருக்குப் போன் எடுத்தேன். பாவம், வயதான மனிசன், இந்த ஊரில் பாதிக் கலியாணங்களைச் செய்து வைத்தவர்.

“ஐயா, நீங்கள் கெட்டிமேளம் எண்டு சொன்ன உடனை ஒரு ஆள் கத்துவார். பயப்பிடாதேங்கோ, பிறகு மேளம் வரும்.”

“ஆர் கத்துறது?”

பெயரைச் சொன்னேன். தடக்குப்படவில்லை. அந்தப் பக்கம் கடதாசி கிண்டுகிற சத்தம் கேட்டது. பேனை தேடினார் போல.

“அறிவிக்கேக்கை சரியாச் சொல்லோணும் பிள்ளை. அவர் மாப்பிள்ளை வீட்டு ஆளோ, பொம்பிளை வீட்டு ஆளோ?”

நியூயோர்க், இங்கிலாந்து, முப்பத்து மூன்று, நாற்பத்தைந்து எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. நீங்களாக இருந்தால் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தியிருப்பீர்கள்.

“பொம்பிளை வீடு, ஐயா” என்றேன். “தாய்மாமன் பக்கத்துச் சொந்தம்.”