செத்த ராசா டவுன் பஸ்ஸில் வந்தார்

மாப்ளே,

பள்ளி ஆண்டு விழாவுக்காக இன்று பேத்தி முகத்தில் அரிதாரம் பூசினார்கள். அந்த வாசம் பட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. உனக்கு நான் நன்றியே சொன்னதில்லை.

பல வருஷம் முன்பு நம் மாதா கோயில் திருவிழா நாடகத்தில் நீ அண்ணன் ராசா. உன்னைக் குத்திக் கொன்று அரியணை ஏறும் தம்பி நான். கொலை எனக்குச் சுலபமாக வந்தது. அதற்கப்புறம் கண்டவரையெல்லாம் சந்தேகப்பட்டுப் புழுங்கும் காட்சிதான் வரவில்லை. "ஏலே, கொலகாரன் மாதிரியா முழிக்கிற? மாட்டத் தொலச்சவன் மாதிரியில்ல இருக்கு" என்று ஒத்திகையில் சிரிப்பாய்.

திருவிழா அன்று மரக்கத்தி பட்டு விழுந்த நீ எழவில்லை. கைதட்டல் அடங்கிய பிறகுதான் நெஞ்சுவலி என்று தெரிந்து, கம்பம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாடகம் முடிந்ததும் கொன்றவனும் செத்தவனும் வேஷத்தோடு ஒரே செம்பில் தண்ணீர் குடித்து, பகையில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அந்த வழக்கம் அந்த முறை நடக்கவில்லை.

நம் திராட்சைத் தோட்டங்களுக்குள் தண்ணீர் முறைத் தகராறு இருந்தது ஊரறிந்த சங்கதி. "அங்கன வாய்க்கால்ல மொறச்சுக்கிட்டு நின்னாக, இங்கன ஓங்கிக் குத்திப்புட்டாக" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். மரக்கத்தியால் என் நெஞ்சில் நானே குத்திப் பார்த்தேன். வேகம் கூடிவிட்டதோ? எனக்கே என்மேல் சந்தேகம். சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று, பட்டப்பகலில், முழு அரிதாரமும் அட்டைக் கிரீடமுமாக டவுன் பஸ்ஸிலிருந்து ராசா இறங்கினார். பின்னாலேயே உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "டாக்டரு படுக்கச் சொன்னாக, இந்த மனுசன் வேசங்கட்டிக்கிட்டு நிக்கிறாக!"

நீ டீக்கடையில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாய். "குடி மாப்ளே. செத்தவன் நானே சும்மா இருக்கேன், இவுகளுக்கு என்னவாம்?" கடையே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

அதற்கப்புறமும் தண்ணீருக்காகச் சண்டை போட்டோம். ஆனால், ஓங்கிக் குத்தினாயா என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு தோட்டத்தில் மோட்டார் காணாமல் போனது. ஊர்க் கண் முழுக்க வயரிங் வேலைக்காரர் ஒருவர் மேல். அவர் வீட்டுக்குப் போனேன். எடுத்தாயா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"சோறு இருக்காப்பா? இங்கன வாசல்லயே போடு, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.