தூங்காத போன்

ஜூன் 11, 2009, வியாழன்

இன்றும் காலையிலிருந்து அதே புகார். சார்ஜ் நிற்கவில்லை. எல்லாம் ஒரே மாடல், பெரிய திரை, இன்டர்நெட், மெயில் எல்லாம் வருகிற போன். போன மாதம் வரை ஒரு தடவை சார்ஜ் போட்டால் மறுநாள் வரை நின்றது. இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் செத்துவிடுகிறது.

எல்லா போனிலும் புது சாஃப்ட்வேர் இருக்கிறது. அதைப் போட்டது நாங்கள்தான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கிற எங்கள் சர்வீஸ் சென்டர். கம்பெனி உத்தரவு அப்படி: எந்தப் புகாரோடு வந்தாலும் முதலில் புது சாஃப்ட்வேரைப் போடு, பிறகு புகாரைப் பார். பட்டன் அமுங்கவில்லை என்று வந்தவனுக்கும் சாஃப்ட்வேர். கண்ணாடியில் கீறல் என்று வந்தவனுக்கும் சாஃப்ட்வேர். ஜுரம் என்று போனாலும் பல்லைப் பிடுங்கிவிட்டு நாடி பார்க்கிற டாக்டர் மாதிரி.

மேனேஜர் கோபாலகிருஷ்ணன் சாருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. பேட்டரிதான் போயிருக்கும், புதுசு விற்றுவிடு என்கிறார். கவுன்டரில் லதா அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாள்: "கடல் காத்து சார். உப்பு. பேட்டரிய தின்னுடும்."

ஒருவர் விடவில்லை. "நான் கருங்குழிம்மா. எங்க ஊர்ல ஏது கடலு?"

லதா ஒரு நொடிதான் யோசித்தாள். "அப்ப ஏரிக் காத்து சார்."

சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. கருங்குழி என் ஊர்.

ஜூன் 14, ஞாயிறு

மாமல்லபுரம். துர்கா அக்கா வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. நிம்மதியாகச் சாப்பிட விட்டார்களா? அக்கா வீட்டுக்காரர் ஜெகதீசன் மாமா டாக்சி ஓட்டுகிறார். தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தார். "மச்சான், பட்டன் ரிப்பேருன்னு உன் சென்டர்ல குட்த்தேன். பட்டன் நல்லா கீது. போனுதான் இல்ல."

அவருக்கு இது விளையாட்டு இல்லை. ரிசார்ட்டிலிருந்து ஏர்போர்ட் சவாரி வந்தால் டாக்சி ஸ்டாண்டில் அன்றைய வரிசைப்படி முதல் ஆளுக்குத்தான் போன் அடிப்பார்கள். போன் அணைந்திருந்தால் சவாரி அடுத்தவனுக்கு. இவர் வரிசையின் கடைசிக்கு. கூடவே ஸ்டாண்டுத் தலைவர் தர்மராஜ் ஒரு மார்க் போடுவார். மாதத்தில் மூன்று மார்க் விழுந்தால் ரிசார்ட் வரிசையிலிருந்தே பெயர் போய்விடும். அப்புறம் கடற்கரைக் கோயில் வாசலில் நின்று வெயிலில் கூவ வேண்டியதுதான். மாமாவுக்கு இந்த மாதம் இரண்டு விழுந்துவிட்டது. மூன்றாவதை நினைத்து அக்கா தூங்குவதில்லை.

சாதா போன் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றேன். விருந்தாளி பெயர், விமான நேரம் எல்லாம் ரிசார்ட் மெயிலில்தான் அனுப்புகிறதாம். அதற்காகத்தான் இந்த போனே வாங்கினார். காரில் சார்ஜர் இருக்கிறது, ஆனால் ஸ்டாண்டில் மணிக்கணக்கில் நிற்கும்போது இன்ஜின் ஓடாது.

சாயங்காலம் அவரோடு ஸ்டாண்டுக்குப் போனேன். ஒருத்தன் கேட்டான்: "இன்னா ஜெகா, போனு போய்ச் சேந்துச்சாமே. பால் எப்போ?" எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இதில் ஒரு கூத்து. சார்ஜை மிச்சம் பிடிக்க மாமா போனை அணைத்து வைக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை போட்டு, மிஸ்டு கால் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அணைக்கிறார். அணைத்த போனுக்கு மிஸ்டு கால் எப்படி மாமா விழும்? ஒவ்வொரு தடவை போடும்போதும் அது டவரைத் தேடி இன்னும் கொஞ்சம் தின்னும். சொன்னேன். "அப்ப இன்னா பண்ணச் சொல்ற?" என்றார்.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நீ படிச்சது எதுக்குடா?"

ஜூன் 16, செவ்வாய்

மாமா போனில் நானே புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். அதேதான். ஆக, பேட்டரி இல்லை. பேட்டரி என்று சொல்லி விற்றதெல்லாம் பொய்.

இரண்டு போன், ஒன்றில் பழைய சாஃப்ட்வேர், ஒன்றில் புதுசு. முழு சார்ஜ். யாரும் தொடக் கூடாது என்று என் மேசையில் வைத்தேன். மத்தியானம் கையில் எடுத்தால் பழசு ஜில்லென்று இருக்கிறது. புதுசு வெதுவெதுப்பு. சும்மா கிடக்கிற போன் எதற்குச் சுடுகிறது? உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. தூங்கவே இல்லை அது.

ஜூன் 17, புதன்

பிடித்துவிட்டேன்.

புதிதாக வரப்போகிற வேக சிக்னலை இந்த சாஃப்ட்வேர் தேடுகிறது. இங்கே அந்த டவரே கிடையாது. கிடைக்கவில்லையே என்று விட்டுத் தொலைக்காமல், மறுபடி, மறுபடி, நாள் முழுக்கத் தேடுகிறது. பழைய சாஃப்ட்வேரில் 'அதைத் தேடாதே' என்று நிறுத்த ஒரு மெனு இருந்தது. புதுசில் அந்த மெனுவையே எடுத்துவிட்டார்கள். எந்த மகானுடைய யோசனையோ.

கோபாலகிருஷ்ணன் சாரிடம் போய் இரண்டு போனையும் கையில் கொடுத்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நீ டிப்ளமோ. அதை எழுதினவன் வெளிநாட்டுல உக்காந்துகினு எழுதினவன். போய் வேலையப் பாரு."

டிப்ளமோவுக்குச் சூடு தெரியாதா?

ஜூன் 19, வெள்ளி

சென்னை ஆபீசுக்கு நானே போன் போட்டேன். டெக்னிக்கல் பிரிவில் விஷாகா என்று ஒரு இன்ஜினியர். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்க லேப்ல டெஸ்ட் பண்ணிட்டோம். ரெண்டு நாள் நிக்குது" என்றாள்.

"உங்க லேப் கிண்டியில இருக்கு மேடம். அங்க அந்த சிக்னல் வந்தாச்சு. தேட வேண்டிய வேலையே இல்ல. இங்க வந்து பாருங்க."

"ரிப்போர்ட் பண்றேன். ஆனா பழைய வெர்ஷன் போடக் கூடாது. பாலிசி. போட்டா உங்க ஐடிய பிளாக் பண்ணிடுவாங்க."

பாலிசி. பேட்டரி மேல் பழி போட்டு விற்பது பாலிசி. சரி செய்வது குற்றம்.

ஜூன் 20, சனி

லதா இப்போது "உப்பு" என்று சொல்லும்போது என் பக்கம் திரும்புவதில்லை.

ஜூன் 21, ஞாயிறு

போட்டுவிட்டேன். சென்டர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய், அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மாமா போனில் பழைய சாஃப்ட்வேர். திருட்டுத்தனமாக இல்லை. என் ஐடியிலேயே. காரணம் என்கிற கட்டத்தில் "புதிய சாஃப்ட்வேர் கோளாறு" என்று அடித்தேன். சென்னையில் படிக்கிறவன் படிக்கட்டும்.

மாமா பயந்தார். "வாணாம் மச்சான். உன் வேல போச்சுன்னா உங்கக்கா என்னை வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டா."

"பேசாம இரு மாமா."

ஜூன் 23, செவ்வாய்

நேற்று முழுக்க மாமா போன் நின்றது. இன்றும். விஷயம் ஸ்டாண்டு முழுக்கப் பரவி, காலையில் சென்டர் திறக்கும்போதே மாடிப்படியில் டிரைவர்கள். தர்மராஜே வந்துவிட்டார். "ஜெகாவுக்கு இன்னா மந்திரம் போட்ட, அதையே நமக்கும் போட்டுடு நைனா."

கவுன்டரில் வைத்தே ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். கோபாலகிருஷ்ணன் சார் ஓடி வந்து லேப்டாப்பை மூடினார். என் விரல் இடுக்கில் மாட்டியது. "இன்னாய்யா பண்ற? என் சென்டர மூட வெப்பியா?" என்று கத்தினார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஆள் வருகிறதாம், என்னை விசாரிக்க. வரட்டும்.

ஜூன் 25, வியாழன்

வந்தது அந்த விஷாகாதான். என் வயதுதான் இருக்கும். கோபாலகிருஷ்ணன் சார் ஏசியைக் கூட்டி, இளநீர் வரவழைத்தார். அவள் தன் போனை மேசை மேல் வைத்தாள். அதே மாடல், புது சாஃப்ட்வேர். "நானும் இதைத்தான் யூஸ் பண்றேன். எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. காலையில ஃபுல் சார்ஜ்."

"சந்தோஷம் மேடம். இங்க உக்கார வேண்டாம். மாமல்லபுரம் போலாம். சாயங்காலம் வரைக்கும் அங்க இருங்க. அதுக்கப்புறம் என்னை விசாரிங்க."

வரமாட்டாள் என்று நினைத்தேன். கிளம்பிவிட்டாள். சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஸ்டாண்டில் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார்கள். டிரைவர்களைக் கேள்வியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவளுக்கும் கேள்விகள் வந்தன. "மேடம், உப்புன்னு சொன்னாங்களே, போன ஊறவெச்சுக் கழுவணுமா?" அவளுக்கு அதில் பாதி புரியவில்லை, நல்ல வேளை.

சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தவள் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். சூடு. நான் வாயைத் திறக்கவில்லை. (எனக்கே ஆச்சரியம்.) வெயில் சாயத் தொடங்கும்போது திரை கறுத்துவிட்டது. ஆபீசிலிருந்து அவளோடு பேச முடியாமல் அவளுடைய மேலதிகாரி, செங்கல்பட்டில் இருந்த கோபாலகிருஷ்ணன் சாருக்கு அடித்து, சார் எனக்கு அடித்து, நான் என் போனை அவள் கையில் கொடுத்தேன். "சாரி சார், ஸ்விட்ச் ஆஃப் ஆயிடுச்சு" என்றாள், அந்த மேலதிகாரிக்கு அடித்து.

தர்மராஜ் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "மேடத்துக்கு ஒரு மார்க் போட்டுக்கவா?"

ஸ்டாண்டே அதிர்ந்தது. அவளும் சிரித்துவிட்டாள். பிறகு என்னிடம் மெதுவாக, "எனக்கும் பழசு போட்டுத் தர முடியுமா? நாளைக்கு செய்யூர்ல வேலை இருக்கு" என்றாள்.

"பாலிசி மேடம்."

முகம் சிவந்துவிட்டது. நான் விடுவதாக இல்லை. "இவங்க கிட்ட நீங்களே சொல்லுங்க. உப்பா?"

 எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "உப்பு இல்ல. சாஃப்ட்வேர்தான். எங்க தப்பு."

கையோடு எடுத்து வந்திருந்த சென்டர் லேப்டாப்பைத் திறந்து அவள் போனைச் செருகினேன்.

கிளம்பும்போது சொன்னாள்: "நான் பார்த்ததை அப்படியே எழுதுவேன். ஆனா நீங்க ரூலை மீறினது மீறினதுதான். அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது." நான் கேட்கவே இல்லையே என்றேன்.

ஜூன் 29, திங்கள்

ஐடி பிளாக். கோபாலகிருஷ்ணன் சார் கதவைச் சாத்தி உட்கார வைத்து, முதல் தடவையாகத் தன்மையாகப் பேசினார். ஸ்டாண்டு ஆட்களைக் கூப்பிட்டு, 'சாஃப்ட்வேர் போடும்போது என் கை தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுமாம். கம்பெனிக்கும் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் வேலை இருக்கும்.

"என் கை தப்பு இல்ல சார்."

"தெரியும்டா. சொல்லிட்டுப் போயேன்."

தெரியுமாம்! தெரிந்துதான் கேட்கிறார்! அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். லதா படி வரைக்கும் வந்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

ஜூன் 30, செவ்வாய்

மாதம் முடிந்தது. மாமாவுக்கு மூன்றாவது மார்க் விழவில்லை.

ஜூலை 8, புதன்

கருங்குழி. வீட்டில் சும்மா. ஊரப்பாக்கத்தில் ஒரு சென்டரில் இன்டர்வியூவுக்குப் போனேன். "அங்க ஏன் விட்டீங்க?" என்றார்கள். உள்ளதைச் சொன்னேன். அனுப்பிவிட்டார்கள்.

அம்மா கன்னியம்மா தினமும் ஒரே பேச்சு. "ஒரு வார்த்த. அத்த சொல்லிட்டு வந்து குந்திகினு கஞ்சி குடிச்சிருக்கலாம். வாயி! அந்த வாயாலதான் நீ கெட்ட."

சொல்லித் தொலைச்சிருக்கலாமோ? யாரு கேட்டா இங்க? அந்த ஸ்டாண்டு ஆளுங்க நாலு நாள் மெச்சுவாங்க, அஞ்சாம் நாளு மறந்துடுவாங்க. எவனுக்காக இந்த வீம்பு — மாமாவுக்கா? எனக்கா?

எனக்குத்தான். வைத்துக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் அடுத்த போனை எந்த மூஞ்சியோடு திறப்பேன்?

ஆகஸ்ட் 3, திங்கள்

விஷாகா போன் செய்தாள். கோளாறைச் சரி செய்து அடுத்த சாஃப்ட்வேர் தயாராகிறதாம். இந்த முறை வெளியிடும் முன் அந்த வேக சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு ஆள் சோதிக்க வேண்டும் என்று மேலே சண்டை போட்டு ஒப்புதல் வாங்கியிருக்கிறாள். லேபின் ஆளாக, மூன்று மாத ஒப்பந்தம். "நீங்க செய்றீங்களா?"

"வேலை போயிடுச்சேன்னு பாவம் பாக்கறீங்களா?"

"பாவமா? உங்களைப் பார்த்தா யாருக்குமே அது வராது."

இப்போது இருக்கிற சாஃப்ட்வேர் தப்பு என்று வெளிப்படையாக அறிவிப்பார்களா என்று கேட்டேன். மாட்டார்களாம். 'சிறு மேம்பாடுகள்' என்றுதான் வருமாம். போனை வைத்துவிடத் தோன்றியது. பத்து எண்ணினேன். "ஒரு நிபந்தனை. தப்புன்னா தப்புன்னுதான் எழுதுவேன். யாரும் அதை மாத்தக் கூடாது."

"அதுக்குத்தானே கூப்பிடறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 27, வியாழன்

லேபிலிருந்து வந்த போன்களோடு ஒரு வாரமாக ஸ்டாண்டு பெஞ்சுதான் என் ஆபீஸ். சார்ஜ் நிற்கிறது. காலையில் போட்டது மறுநாள் காலையும் இருக்கிறது. மெனுவும் திரும்பி வந்துவிட்டது. நல்லது என்று எழுதி அனுப்ப உட்கார்ந்தேன்.

அதற்குள் தர்மராஜ் அண்ணன் வண்டியைக் கழுவி மாலை போட்டு நிறுத்திவிட்டு, "அந்தப் புது போன்ல ஒரு போட்டோ புடி" என்றார். கேமராவைத் திறந்தேன். போன் உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டேன். மறுபடி உறைந்தது. லேபிலிருந்து வந்த இன்னொரு போனில் எடுத்தேன். அதிலும் அதே கதை.

விஷாகாவுக்கு அடித்தேன். "வெளியிடாதீங்க. பேட்டரி ஓகே. கேமரா போச்சு."

"ஐயோ திருவேங்கடம், நாளைக்கு ரிலீஸ். மேல எல்லாரும் ஓகே சொல்லியாச்சு."

"நான் சொல்லல."

 "எத்தனை தடவை பார்த்தீங்க?"

"தர்மராஜ் அண்ணன் தலை வாரிகினு வந்து நின்ன அத்தனை தடவையும்."

சிரிப்பது கேட்டது. "சரி. நிறுத்தச் சொல்றேன்."

சாயங்காலம் மெயில் வந்தது. நிறுத்திவிட்டார்கள். தர்மராஜ் அண்ணனுக்குத்தான் இன்னும் போட்டோ கிடைக்கவில்லை. என்னோடு பேச மாட்டேன் என்கிறார். இருக்கட்டும்.